வயது போனவர்களின் மனநலம்: வன்னியில் வீட்டாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மம்மா சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், ஐயா இரவில் எழும்பிக் கத்துகிறார் என்றால் வீட்டார் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் அன்றைக்கே ஆறுதல் சொல்லத் தொடங்குவார்கள். புதிதாக ஊர் வேலைக்கு வரும் தொண்டர்களும் இதற்கு விலக்கில்லை. முதல் நாளே உளவளத்துணைக்குப் பெயர் பதிந்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இரண்டிலும் பிழை வரிசையில்தான் இருக்கிறது. முதலில் உடம்பு, அடுத்தது மருந்துப் பை, பிறகு கண்ணும் காதும், அதற்குப் பிறகுதான் மனம். சலத்தில் கிருமி ஏறிக் குழம்பிப் போயிருக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால், சில நாட்களில் ஆளே கையை விட்டுப் போகலாம். மனத்துயரத்துக்கு ஒரு கிழமை பொறுக்கலாம், கிருமிக்குப் பொறுக்க முடியாது.

இந்த வரிசைக்கு ஒரேயொரு விலக்கு உண்டு. "இனி இருந்து என்ன, போய்ச் சேர்ந்தால் நல்லது" என்ற கதை வீட்டில் கேட்டிருந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு நேரே 6ஆம் படிக்குப் போங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் பேனையும். அவருடைய கிளினிக் கொப்பி. வீட்டில் அவர் பெயரில் உள்ள எல்லாக் குளிசைகளும் ஒரே பையில்: அரசாங்க ஆஸ்பத்திரியில் தந்தது, டவுன் பாமசியில் வாங்கியது, ஆயுர்வேதச் சூரணம், கனடாவிலிருந்து மகள் அனுப்பிய விற்றமின், பக்கத்து வீட்டு அக்கா "எனக்கு இது நல்லாக் கேட்டது" என்று கொடுத்தது, எல்லாமே. கடைசி இரண்டையும் ஒருவரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அடையாள அட்டை. 60 வயது கடந்தவர் என்றால் பிரதேச செயலகத்தில் தரும் முதியோர் அடையாள அட்டையும். இன்னும் எடுக்கவில்லை என்றால் கிராம அலுவலரிடம் கேட்டு இப்போதே தொடங்குங்கள், பிறகு பல இடங்களில் கேட்பார்கள்.

இரண்டு இலக்கங்களைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். இரண்டுக்கும் காசு இல்லை.

அப்புறம் ஒரு பொறுப்பாளர். நாலு பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கிற வீட்டில் பெரும்பாலும் ஒருவருமே பார்ப்பதில்லை. கொப்பி யார் கையில் இருக்கும் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். அதோடு, என்ன செய்யப் போகிறோம் என்பதை அந்த மூத்தவரிடமே சொல்லிவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் தொடங்கிய வேலைக்கு அவர் பிறகு ஒத்துழைக்க மாட்டார்.

2. எப்போது தொடங்கியது?

கொப்பியின் முதல் வரி இதுதான். "கொஞ்ச நாளாய்" என்ற பதில் உதவாது. போன பொங்கலுக்கு எப்படி இருந்தார், காலபோக வெட்டு நேரம் எப்படி, போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குத் தனியாக நடந்து போனாரா என்று ஊர் நாட்காட்டியை வைத்துக் கேட்டால் சரியான பதில் வரும்.

மாற்றம் மணிக்கணக்கில் அல்லது சில நாட்களுக்குள் வந்தது என்றால் அது மனநோயும் அல்ல, அறளையும் (மறதி நோயும்) அல்ல என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முந்தநாள் வரை கணக்குப் பார்த்துச் சாமான் வாங்கியவர் இன்றைக்கு மகளைத் தெரியாது என்றால், இல்லாத ஆட்களோடு கதைத்தால், பகலில் தூங்கி இரவில் அலைந்தால், உடம்பில் ஏதோ நடக்கிறது. சலக்கிருமி, நுரையீரல் காய்ச்சல், நாட்கணக்கான மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுதல், சோடியம் குறைதல், சீனி இறங்குதல், புதிதாகத் தொடங்கிய ஒரு குளிசை என்று பல காரணங்கள் இருக்கலாம். வயது போனவருக்குக் கிருமி ஏறினாலும் காய்ச்சல் காயாமலே இருக்கலாம், ஆகவே தொட்டுப் பார்த்துவிட்டுச் சூடு இல்லை என்று விடக் கூடாது.

கத்துகிற ஆளை எப்படியும் கொண்டுபோய்விடுவார்கள். தவறிப்போவது சத்தம் போடாமல் சோர்ந்து கிடப்பவர். எழுப்பினால் கண்ணைத் திறந்து ஓரிரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்குவார், வீட்டார் "இப்பதான் நித்திரை வந்திருக்கு, குழப்பாதேங்கோ" என்பார்கள். இரண்டில் ஆபத்துக் கூடியது இதுதான்.

முகம் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் ஓட்டோ தேடாமல் உடனே 1990.

தினமும் கள்ளோ சாராயமோ கசிப்போ குடித்தவர் திடீரென நிறுத்தி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாததைக் கண்டு பயந்தால் அதுவும் அவசரம், வலிப்புக்கூட வரலாம். "நல்ல காலம் விட்டுட்டார்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும் நேரம் இல்லை. குடியை விடுவது என்றால் வைத்தியரிடம் சொல்லிவிட்டுத்தான் விட வேண்டும்.

நூல் கட்டுவது, பார்வை பார்ப்பது, நேர்த்தி வைப்பது எதையும் நான் தடுப்பதில்லை, வீட்டாருக்கு அது பலம். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து செய்யுங்கள் என்பது மட்டும்தான். வரிசை மாறினால் ஒரு நாள் போய்விடும், அந்த ஒரு நாள் பெரிது.

மாற்றம் கிழமைக்கணக்கில் வந்திருந்தால் மனச்சோர்வு பக்கம், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வந்திருந்தால் மறதி நோய் பக்கம் என்று பொதுவாக நினைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

3. மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்

ஒரு பேப்பரை விரித்து எல்லாவற்றையும் அதில் கொட்டுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதை இப்படித்தான் கண்டுபிடிக்கலாம். கிளினிக்கில் தந்த பிறசர் குளிசையும் தனியார் டொக்டர் எழுதிய பிறசர் குளிசையும் சேர்ந்து, எழும்பும்போதெல்லாம் தலை சுற்றி, அந்தப் பயத்தில் வெளியே வருவதையே விட்டவர்கள் இருக்கிறார்கள். வீட்டார் அதை மனச்சோர்வு என்பார்கள்.

குறிப்பாக நான்கைத் தேடுங்கள். தடிமனுக்கும் கடிக்கும் போடும் பிரிட்டோன் (Piriton) குளிசை: நித்திரை வருகிறது என்று தினமும் போடுகிறவர்கள் பலர், வயது போனவருக்கு அது மறதியையும் குழப்பத்தையும் கூட்டும், சலத்தைக் கட்டும். டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகள்: விழுத்தும். அமிற்றிப்ரிலின்: உளைவுக்கும் நித்திரைக்கும் எழுதப்படுவது, இதுவும் குழப்பலாம். நாலாவது, சீனி வருத்தக் குளிசை: மனம் சோர்ந்து சாப்பாடு குறைந்த பிறகும் பழைய அளவிலேயே போட்டால் சீனி இறங்கி ஆள் உளறத் தொடங்கலாம்.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பையோடு வைத்தியரிடம் போய் "இவ்வளவும் போடுகிறார், எது வேண்டாம்?" என்று கேளுங்கள். தைரொயிட், விற்றமின் பி12, இரத்தச்சோகை பார்க்க வேண்டுமா என்றும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். மூன்றும் மனச்சோர்வு போலவும் மறதி போலவும் வேடம் போடக்கூடியவை.

4. காது, கண், இரவுக் கக்கூஸ்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். மலிவானதும் இதுதான்.

காது கேளாதவர் கூட்டத்தில் தனித்துப்போவார். பிறகு சந்தேகம் தொடங்கும். மருமகள் அடுப்படியில் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பார். காதில் குறும்பி அடைத்திருப்பதே காரணமாக இருக்கலாம், ஓ.பி.டியில் காட்டினால் முடிந்தது. கண்ணில் புரை என்றால் சத்திரசிகிச்சைக்குப் பெயர் பதியுங்கள். மங்கலில் நிழலை ஆள் என்று கண்டு பயப்படுகிறவருக்குப் பேய் ஓட்டுவதை விட அது உதவும்.

கக்கூஸ் விஷயம் வன்னிக்கு முக்கியம். வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் கக்கூஸ் வளவின் பின் மூலையில், வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. இருட்டு, பாம்பு, சில ஊர்களில் யானை. ஆச்சி கெட்டிக்காரி, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுவார். ஆவணி வெயிலில் அப்படி ஒரு கிழமை போனால் நீர் வற்றி, சலம் எரிந்து, மலம் இறுகி, 2ஆம் படியில் சொன்ன குழப்பத்தில்தான் போய் நிற்பார். ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால் "தாகம் இல்லை மோனை" என்பார். கேட்காதீர்கள், இரவில் எப்படிப் போகிறார் என்று பாருங்கள். அறைக்குள் மூடியுள்ள ஒரு வாளி, வழிக்கு ஒரு லைட், தலைமாட்டில் டோர்ச், பிடிக்க ஒரு கயிறு. வாளி வெட்கம் என்றால் காலையில் அதைக் கழுவுவது யார் என்று முன்பே பேசி முடித்துவிடுங்கள். வெட்கம் வாளியில் இல்லை, மருமகள் அதைத் தூக்குவதில் இருக்கிறது.

5. இருந்து கதையுங்கள்

நல்ல நேரம் கை வேலையாக இருக்கும் நேரம். செத்தல் காம்பு கிள்ளும்போது, முருங்கை இலை ஆயும்போது, வெற்றிலை இடிக்கும்போது. நேருக்கு நேர் கதிரை போட்டு இருந்தால் விதானையாருக்குப் பதில் சொல்வதுபோல "ஒண்டுமில்லை, சுகமாத்தான் இருக்கிறன்" என்று முடித்துவிடுவார். மற்றவர்கள் இல்லாத நேரமாகவும் இருக்க வேண்டும். மகனுக்கு முன்னால் எந்தத் தாயும் தன் கவலையைச் சொல்வதில்லை.

நம் மூத்தவர்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். உடம்பு உளையுது, நெஞ்சு கனக்குது, தலைக்குள்ளே இரையுது, ஒரே யோசனை என்பார்கள். இந்தச் சொற்களை அப்படியே கொப்பியில் எழுதுங்கள். பனடோலைக் கொடுத்துவிட்டு எழும்பிப் போகாதீர்கள்.

கேட்க வேண்டியவை இரண்டு.

"ஆச்சி, இந்த ரெண்டு கிழமையா மனசு சரியில்லாம, விட்டுப்போன மாதிரி இருக்கோ?"

"முந்தி விருப்பமாச் செய்த வேலை, கோயில், பேரப்பிள்ளையள், இப்ப அதில மனம் போகுதோ?"

முதல் கேள்விக்கு ஓம் என்றோ, இரண்டாவதற்கு இல்லை என்றோ வந்து, பெரும்பாலான நாட்களில் அப்படித்தான் என்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கூடவே நித்திரை எத்தனை மணிக்குக் கலைகிறது, எத்தனை வாய் சாப்பிடுகிறார், சட்டை தளர்ந்துவிட்டதா என்பதையும் எழுதுங்கள்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. "யோசிக்காதேங்கோ" என்று சொல்லி யாரும் யோசிப்பதை நிறுத்தியதில்லை. "உங்களுக்கு மட்டுமோ, எல்லாருக்கும்தானே இழப்பு" என்பது வன்னியில் எல்லோர் வாயிலும் வரும் ஆறுதல். உண்மைதான். ஆனால் அதைக் கேட்டவர் அதற்குப் பிறகு வாயே திறக்க மாட்டார்.

6. சாவைப் பற்றி நேரே கேளுங்கள்

கேட்டால் எண்ணத்தைக் கிளறிவிடுவோமோ என்று பயப்படுவார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்ட பிறகு பாரம் இறங்கி அழுவதைத்தான் பார்க்கலாம்.

"உயிரை விடோணும் எண்டு நினைப்பு வாறதோ, ஐயா?" வந்தால், "எப்படிச் செய்யிறது எண்டும் யோசிச்சனீங்களோ?" இரண்டாவதற்கும் ஓம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. வாகனம் வரும்வரை 1926ஐ எடுத்துத் தமிழில் கதைக்கலாம். சாப்பாடு மறுப்பது, காணி உறுதியையும் நகையையும் திடீரெனப் பிரித்துக் கொடுப்பது, குளிசை போடாமல் விடுவது ஆகியவற்றையும் பேச்சுக்கு ஒப்பாகவே எடுங்கள்.

வயல் வீடுகளில் முதல் வேலை பூச்சிமருந்தைப் பூட்டுவது. இதை ஒரு சடங்குக்காகச் சொல்லவில்லை. 1990களின் நடுவில் இலங்கையில் தற்கொலை உச்சத்தில் இருந்தது. கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை 1995இலிருந்து படிப்படியாகத் தடைசெய்த பிறகு அது பெரிய அளவில் குறைந்தது. அந்த நினைப்பு பலருக்கு அலைபோல வந்து போவது, அந்த நேரம் மருந்து கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் தப்பலாம். மிச்ச மருந்தைச் சாய்ப்பிலே செருகி வைக்காமல் பூட்டுள்ள பெட்டியில், சாவி வேறொருவர் இடுப்பில். குளிசைப் பையும் அப்படியே, ஒரு நாள் அளவை மட்டும் வெளியே வையுங்கள்.

7. காணாமற்போன பிள்ளை, 2009, மே மாதம்

2009 மே மாதம் போர் முடிந்த வன்னிக்கே உரிய விஷயம் இது, மற்ற ஊர்களுக்கான கையேடுகளில் தேட முடியாது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பிள்ளை செத்துவிட்டது என்று தெரிந்த தாயின் துயரமும், இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாயின் துயரமும் ஒன்றல்ல. முதலாமவருக்கு அந்தியேட்டி இருக்கிறது, திவசம் இருக்கிறது, கல்லறை இருந்தால் பூ வைக்கலாம், பூசை ஒப்புக்கொடுக்கலாம். இரண்டாமவருக்கு எதுவும் இல்லை. கிரியை செய்தால் தானே பிள்ளையைக் கொன்றதுபோல இருக்கும். செய்யாவிட்டால் துயரம் நகராது. இப்படி நிற்பது மனநோய் அல்ல. நிலைமை அப்படி.

ஆகவே அவருக்காக நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "இனி வரமாட்டான், கிரியையைச் செய்யுங்கோ" என்றும் வேண்டாம், "கட்டாயம் வருவான்" என்றும் வேண்டாம். "பொடியன் வருவானோ?" என்று கேட்டால் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியாது அம்மா. நீங்கள் பாத்துக்கொண்டிருக்கிறது தெரியும். அவன்ட கதை ஒண்டு சொல்லுங்கோ." அவன் பள்ளிக்கூடத்துக்கு எந்தச் சைக்கிளில் போனான், எந்தக் கறி பிடிக்கும் என்று கதை போகும். அழுவார். அழட்டும். அழுது முடிய ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, அவரும் குடிக்கும்வரை எழும்பாமல் இருங்கள்.

2017 மாசியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் வீதியோரப் போராட்டத்துக்குப் போகும் தாய்மாரை "வெயிலுக்குள்ள ஏன் அலையிறீங்கள்" என்று மறிக்கும் பிள்ளைகள் உண்டு. என் கணிப்பில் மறிக்கக் கூடாது. தன்னைப்போன்ற பத்துப் பேரோடு இருந்து கதைக்க அவருக்கு வேறு இடம் கிடையாது. போகும்போது தண்ணீர்ப் போத்தலும் மத்தியானக் குளிசையும் பையில் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

நாட்காட்டியில் கனமான நாட்களை முன்கூட்டியே குறியுங்கள்: மே 18, கார்த்திகைக் கடைசிக் கிழமை, ஆடி அமாவாசை, சித்திரைப் பௌர்ணமி, பிள்ளையின் பிறந்த நாள். பத்து நாள் முன்பே நித்திரை கெடும், கோபம் வரும், நெஞ்சு அடைக்கும். காரணம் தெரிந்தால் வீட்டில் சண்டை குறையும். அன்றைக்கு என்ன செய்ய விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள்: கஞ்சி காய்ச்சுவதோ, முள்ளிவாய்க்காலுக்குப் போவதோ, மடுவுக்கு ஒரு மெழுகுதிரி கொடுத்துவிடுவதோ, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதோ. மறக்க வைக்கிறேன் என்று அன்றைக்குப் பார்த்துச் சுற்றுலா ஒழுங்கு செய்யாதீர்கள்.

பட்டாசு, தாழப் பறக்கும் ஹெலிகொப்டர், தகரக் கூரையில் தேங்காய் விழும் சத்தம், இவற்றுக்குக் குப்புற விழுந்து படுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், பிடித்து உலுக்காதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இது எந்த ஊர், யார் வீடு, என்ன சத்தம் என்று மெல்லச் சொல்லுங்கள். கோயில் திருவிழாவுக்கு வெடி போடுவார்கள் என்றால் காலையிலேயே சொல்லி வையுங்கள்.

பொலித்தீன் பை ஒன்றும் இருக்கும். உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய படம், சில நூறு ரூபாய், எல்லாம் சுற்றிக் கட்டித் தலையணைக்குக் கீழே. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து, மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் இருந்து வந்தவரின் பை அது. துப்புரவு என்று அதை எடுத்து அலுமாரியில் பூட்டினால் அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

பார்க்க வருகிற ஒவ்வொரு அமைப்புக்கும் அவர் கதையை முதலிலிருந்து சொல்ல வைக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, அவர் வாய் வராவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருந்தால் அதைக் கிளினிக் கொப்பி முன்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பின்னொரு நாள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் சொல்ல வேண்டியது அதுதான், காந்தம் உள்ளேயுள்ள இரும்பை அசைக்கக்கூடும்.

8. கிளினிக்குக்குப் போகும் நாள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலச் சேவை உண்டு, காசு இல்லை. உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு மனநல வைத்தியர் வந்துபோகும் நாள் இருக்கிறதா என்று முதலில் அங்கேயே கேளுங்கள், இரண்டு பஸ் மாறிப் போவது மிச்சமாகலாம். வழி தெரியாவிட்டால் ஊரின் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் முதியோர் விடயத்துக்கான உத்தியோகத்தரும் இருப்பார்கள்.

ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். "கண் காட்டப் போறம்" என்று போய் மனநலப் பிரிவின் வாங்கில் இருத்தினால் அடுத்த முறை வாசல் தாண்ட மாட்டார். "நித்திரையும் சாப்பாடும் குறைஞ்சு போச்சு, அதுக்கு மருந்து தாற டொக்டர்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

அவரோடு இரவும் பகலும் இருப்பவர்தான் கூடப் போக வேண்டும், லீவு கிடைத்த மகன் அல்ல. நீண்ட வரிசையில் வைத்தியருக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அதற்காகக் கொப்பியிலிருந்து அரைப் பக்கம் தனியே எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, நித்திரை, சாப்பாடு, சாவுப் பேச்சு உண்டா, குடி உண்டா, விழுந்தாரா, என்ன மருந்து. முதலில் மூத்தவரே கதைக்கட்டும், அவர் விட்டதை அரைப் பக்கம் சொல்லும். காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். சீனி வருத்தக்காரர் குளிசையைப் போட்டுவிட்டு மத்தியானம்வரை வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது.

9. மருந்து தொடங்கிய பிறகு

மனச்சோர்வு மருந்து பனடோல் மாதிரி வேலை செய்வதில்லை. இரண்டு முதல் நாலு கிழமை செல்லும், வயது போனவருக்கு அதற்கும் மேல். முதல் கிழமையில் வயிற்றுப் பிரட்டல், தலைப்பாரம் வரலாம், பலன் வருவதற்கு முன்னே அதுதான் வரும். இந்த இடத்தில்தான் பலர் விடுகிறார்கள். இதை முன்கூட்டிச் சொல்லி வைத்தால் பலர் தாண்டிவிடுவார்கள்.

இரண்டாவது இடறல் மூன்றாம் மாதம். ஆள் தெளிந்து சிரிக்கத் தொடங்கியதும் "இனி எதுக்கு" என்று நிறுத்துவது. குணமான பிறகும் பல மாதம் தொடர வேண்டியது, குறைப்பதும் படிப்படியாக வைத்தியர் சொல்லித்தான். "பழக்கமாகிவிடும்" என்ற பயம் நித்திரைக் குளிசைக்குத்தான் பொருந்தும், மனச்சோர்வு மருந்துக்கு அல்ல.

புதிதாகக் குழப்பம், விழுதல், சலம் கட்டுதல் வந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை இருக்காதீர்கள். சில மனச்சோர்வு மருந்துகள் வயது போனவரின் சோடியத்தை இறக்கும். எழுத்து வாசிக்காதவருக்கு மருந்து உறையில் சூரியன், நிலவு என்று படம் கீறி விடுங்கள்.

10. சும்மா இருத்தாதீர்கள்

"நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், சும்மா இருங்கோ." பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அதைவிட வேகமாக ஒருவரைச் சோர வைக்கும் சொல் இல்லை. காடு வெட்டிக் காணி ஆக்கிய மனிதருக்குக் கதிரை தண்டனை.

வேலை சிறியதாக இருக்கலாம், அவர் செய்யாவிட்டால் நடக்காததாக இருக்க வேண்டும். காயப்போட்ட நெல்லுக்குக் காவல், விதைநெல் பார்த்துத் தெரிவது, ஆட்டுக்குக் குழை, ஓலையில் பெட்டி இழைப்பது, பேத்திக்குத் தேவாரம் சொல்லிக் கொடுப்பது. மனம் வந்த பிறகு செய்வோம் என்று காத்திருந்தால் வராது. செய்யத் தொடங்கத்தான் மனம் பின்னால் வரும், அதனால் அளவு அல்ல, நேரம் முக்கியம். தினமும் அதே மணிக்கு. காலை வெயிலில் வளவைச் சுற்றி ஒரு நடை, இரவு நித்திரைக்கும் அது உதவும்.

முதியோர் சங்கக் கூட்டத்துக்கு முதல் இரண்டு முறை நீங்களும் கூடப் போங்கள். வெளிநாட்டுப் பிள்ளையின் வீடியோ அழைப்புக்கு ஒரு நாளும் நேரமும் குறியுங்கள். எப்போது வரும் என்று தெரியாத அழைப்பு நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வைக்கும். முதியோர் கொடுப்பனவுக் காசு அவர் கையிலேயே இருக்கட்டும், வெற்றிலைக்குப் பிள்ளையிடம் கேட்க வேண்டிய நிலை பலருக்குப் பெரிய மனத்தாக்கம்.

11. அறளை என்று தெரிந்த பிறகு

மறதி நோய் உறுதியானால் வாதம் செய்வதை நிறுத்துவதுதான் முதல் படி. பின்னேரம் ஐந்து மணிக்கு ஆச்சி பையைக் கட்டிக்கொண்டு "நான் வீட்டை போகப் போறன்" என்பார். "இதுதானே உங்கட வீடு" என்றால் சண்டை. அவர் கேட்பது செல் விழுந்து போன பழைய வீடாக இருக்கலாம், தன் தாய் வீடாகவும் இருக்கலாம். "அங்க முத்தத்தில என்ன மரம் நிண்டது, ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டு கூடவே படலைவரை நடந்து, ஒரு சுற்றுச் சுற்றித் தேத்தண்ணிக்குத் திரும்பி வாருங்கள். பெரும்பாலும் போதும்.

அடம், கத்தல், அடித்தல் நடக்கும்போது மூன்றை எழுதுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நாம் என்ன செய்தோம். ஒரு கிழமையில் ஒழுங்கு தெரியும். குளிக்க வார்க்கும்போது மட்டும் அடிக்கிறார் என்றால் கிணற்றுத் தண்ணீரின் குளிர் காரணமாக இருக்கலாம், சுடுதண்ணீர் கலந்து பாருங்கள். "காசைக் களவெடுத்துவிட்டாய்" என்றால் நிரபராதி என்று நிரூபிக்க நிற்காமல் சேர்ந்து தேடுங்கள்.

கிணற்றுக்கு மூடி போடுங்கள். கட்டு இல்லாத கிணறு உள்ள வளவில் இது நாளைக்கு அல்ல, இன்றைக்கு. அயலவருக்கும் கடைக்காரருக்கும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள், வழி தவறினால் அவர்கள்தான் முதலில் காண்பார்கள். கட்டிலோடு கட்டாதீர்கள். அமைதிப்படுத்தும் பலமான மருந்தைத் தாருங்கள் என்று வைத்தியரை நெருக்கவும் வேண்டாம். மறதி நோயாளருக்கு அவை பக்கவாத ஆபத்தைக் கூட்டுகின்றன, வேறு வழியில்லாதபோது குறைந்த அளவில் குறுகிய காலத்துக்குத் தருவது. திடீரென ஒரு நாள் மிக மோசமானால் அறளை கூடிவிட்டது என்று நினைக்காமல் 2ஆம் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

12. பார்க்கிறவரைப் பாருங்கள்

வன்னியில் பார்க்கிறவர் பெரும்பாலும் ஒரு பெண். புருஷனை இழந்து கூலி வேலைக்கும் போகிற மகள், அல்லது மருமகள். பேரப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படுத்த படுக்கையான கணவரையும் பார்க்கும் எழுபது வயது அம்மம்மாவும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்கள் அனுப்பும் காசு உதவிதான். ஆனால் அவருக்குக் குறைவது மணித்தியாலம். அந்தக் காசில் கிழமைக்கு இரண்டு அரை நாள் நம்பிக்கையான ஒரு அயலவரை ஒழுங்கு செய்து, அந்த நேரம் பார்க்கிறவர் வீட்டில் இருக்காமல் வெளியே போக வேண்டும் என்று விதி வையுங்கள்.

ஏச்சு, அடி, சாப்பாடு கொடுக்காமை, கொடுப்பனவைப் பறித்தல் நடக்கும் வீடு என்றால் அது குடும்பத்துக்குள் மூடி வைக்கும் விஷயம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டப்படி பெற்றோரைப் பிள்ளைகள் கைவிட முடியாது. பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையும் உண்டு, பிரதேச செயலகத்தில் வழி கேட்கலாம். முதலில் போய்க் கேளுங்கள், ஏசுபவர் பல வேளைகளில் களைத்துப் போன ஒருவராகத்தான் இருப்பார், அவருக்கும் உதவி தேவைப்படும்.

மாதம் ஒருமுறை கொப்பியைத் திறக்கும்போது, 5ஆம் படியில் மூத்தவரிடம் கேட்ட அதே இரண்டு கேள்விகளைப் பார்க்கிறவரிடமும் கேளுங்கள். அவருடைய பதிலும் அப்படி வந்தால் அடுத்த கிளினிக் நாளில் இரண்டு பேருக்கும் துண்டு எடுங்கள்.